பென்சில் கோடும் 520 டாலர் வித்தியாசமும்

1998 ஆகஸ்ட் 24ஆம் தேதி இன்டெல் வெளியிட்ட ப்ராசஸர்களில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று பென்டியம் 2. வேகம் 450 மெகாஹெர்ட்ஸ், கம்பெனி அறிவித்த மொத்த விலை 669 டாலர். இன்னொன்று செலரான் 300ஏ. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ், விலை 149 டாலர். கொஞ்ச நாளிலேயே உலகம் முழுக்க இருந்த கம்ப்யூட்டர் பைத்தியங்கள் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 149 டாலர் சரக்கை வாங்கி மதர்போர்டில் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றினால் அதுவும் 450இல் ஓடியது. ஏதோ அதிர்ஷ்டசாலிகள் ஒன்றிரண்டு பேருக்கு அல்ல, ஏராளமானவர்களுக்கு ஓடியது.

ஓவர்கிளாக்கிங் பற்றித் தமிழில் யாராவது எழுதினால் "எப்படிச் செய்வது" என்று எழுதுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் வேறு. பி.காம் படிப்பவன் என்பதால் கண் முதலில் விலைப் பட்டியலுக்குத்தான் போகிறது. ஒரே கம்பெனி, ஒரே நாள், கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்யக்கூடிய இரண்டு பொருட்கள். நடுவில் 520 டாலர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஓவர்கிளாக்கிங்கின் வரலாறே வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் கொஞ்சம் அடிப்படை. ப்ராசஸருக்குள் ஒவ்வொரு வேலையும் ஒரு தாளத்துக்கு நடக்கிறது. அந்தத் தாளத்தைக் கொடுப்பது மதர்போர்டில் உள்ள கிளாக். தாளத்தை வேகப்படுத்தினால் ப்ராசஸரும் வேகமாக ஓடும், அதனால் தாங்க முடிகிற வரைக்கும். தாங்க முடியாவிட்டால் சிஸ்டம் தொங்கும், தப்பான விடை கொடுக்கும், சூடேறும்.

இதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தது ஐபிஎம் பிசி ஏடி வைத்திருந்தவர்கள். 1984இல் வந்த அந்த மெஷினில் 80286 ப்ராசஸர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. தாளம் போட்டது 12 மெகாஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று, அதை இரண்டால் வகுத்து 6 ஆக்கிக்கொள்வார்கள். அந்தக் கிரிஸ்டல் சாக்கெட்டில் செருகப்பட்டிருந்தது. கழற்றிவிட்டு 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைச் செருகினால் 8 மெகாஹெர்ட்ஸ். கிரிஸ்டலின் விலையோ சில்லறைக் காசு. ஐபிஎம் சும்மா இருக்கவில்லை. 1985 நவம்பர் தேதியிட்ட பயாஸில் ஒரு சோதனையைச் சேர்த்தது. மெஷின் ஆன் ஆகும்போதே வேகத்தை அளந்து பார்க்கும், அதிகமாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். அடுத்த வருடம் ஐபிஎம்மே 8 மெகாஹெர்ட்ஸ் ஏடியை விற்பனைக்குக் கொண்டுவந்தது!

அடுத்த உதாரணம் இன்னும் சுவாரசியம். இன்டெல் 486 டிஎக்ஸ் 1989இல் வந்தது. தசமக் கணக்குகளை வேகமாகப் போடும் கணிதப் பகுதியும் அதே சிப்புக்குள் இருந்தது அதன் பெருமை. 1991இல் ஏஎம்டி தன்னுடைய 386 சிப்பை மலிவாகக் கொண்டுவந்து இன்டெல்லின் கீழ்மட்ட மார்க்கெட்டைக் கடிக்க ஆரம்பித்தது. இன்டெல்லுக்கு மலிவான 486 தேவைப்பட்டது. உடனே 486 எஸ்எக்ஸ் வந்தது. தொடக்கத்தில் விற்ற எஸ்எக்ஸ் என்பது டிஎக்ஸ் சிப்பேதான், கணிதப் பகுதி மட்டும் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. பிறகுதான் அந்தப் பகுதியே இல்லாத தனி சிப்பைத் தயாரித்தார்கள்.

எஸ்எக்ஸ் வாங்கிவிட்டோம், இப்போது கணிதப் பகுதி வேண்டும் என்றால்? அதற்கு 487 எஸ்எக்ஸ் என்று ஒன்றை விற்றார்கள். பேரைக் கேட்டால் பக்கத்தில் செருகும் துணைச் சிப் போல இருக்கும். உண்மையில் அது ஒரு முழு 486 டிஎக்ஸ். செருகியவுடன் பழைய எஸ்எக்ஸை அணைத்துவிட்டு எல்லா வேலையையும் தானே செய்யும். ஒரே சிப்பை முதலில் ஊனமாக்கி ஒருமுறை, முழுசாக ஒருமுறை, ஆக ஒரே ஆளிடம் இரண்டுமுறை விற்பனை. கில்லாடித்தனம் என்று ஒரு பக்கம் தோன்றினாலும் எனக்கு இதைப் படித்தபோது கோபம்தான் வந்தது.

பொருளாதாரம் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1849இலேயே ஜூல் டுப்யூவி என்ற பிரெஞ்சு எஞ்சினியர் ரயில் கட்டணத்தைப் பற்றி எழுதும்போது இதைத் தொட்டுவிட்டார். அப்போது மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் கூரை இல்லாமல் ஓட்டினார்கள். கூரை போடப் பணம் இல்லாமலா? இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்புக்கு இறங்கி வந்துவிடக் கூடாது என்பதற்காக. ஏழையை நனைப்பது நோக்கமல்ல, வசதியுள்ளவனைப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்பது அவர் வாதம். இதையே நவீன காலத்தில் டெனெக்கெரே, மெகாஃபீ என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 1996இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் 486 எஸ்எக்ஸும் ஒன்று, ஐபிஎம்மின் லேசர் பிரிண்டர் ஈ இன்னொன்று. நிமிடத்துக்கு 10 பக்கம் அடிக்கும் பிரிண்டரில் வேண்டுமென்றே காத்திருக்க வைக்கும் ஏற்பாட்டைச் சேர்த்து 5 பக்கம் ஆக்கி மலிவாக விற்றார்கள். அதாவது மெதுவான பிரிண்டரைத் தயாரிக்க ஐபிஎம்முக்குக் கூடுதலாகத்தான் செலவாகியிருக்கும்! காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பில் விலை என்பது அடக்கவிலையோடு லாபத்தைக் கூட்டி வருவது என்று பழகியவர்களுக்குத் தலை சுற்றும்.

ஆனால் ப்ராசஸர் விஷயத்தில் கம்பெனி பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. சிலிக்கான் தட்டு ஒன்றில் ஒரே நேரத்தில் நிறைய சிப்கள் தயாராகின்றன. ஒரே ஈட்டில் வெந்த இட்லிகளில்கூட ஒன்று பூப்போல, ஒன்று கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதே, அது மாதிரி சிப்களிலும் வித்தியாசம் உண்டு. ஒவ்வொன்றையும் சோதித்து எந்த வேகத்தைத் தாங்குகிறதோ அந்த வேகத்தை மேலே அச்சடிக்கிறார்கள். இதற்கு பின்னிங் என்று பெயர். இதுவரைக்கும் நேர்மையான வியாபாரம்தான். மாம்பழத்தைத் தரம் பிரித்து விற்பது போல.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தொழிற்சாலை மாதாமாதம் கைதேர்ந்துகொண்டே போகிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் சிப்கள்தான் உச்ச வேகத்தைத் தாங்கும், ஒரு வருடத்தில் பெரும்பகுதி தாங்கும். ஆனால் வாங்குபவர்களின் பர்ஸ் அதே வேகத்தில் பெருப்பதில்லை. உச்ச விலைக்கு வாங்குபவர்கள் கொஞ்சம் பேர்தான், மலிவு விலைக்கு வாங்குபவர்கள் ஏராளம். அதனால் நல்ல சிப்பின் மேலேயே குறைந்த எண்ணை அச்சடித்து அனுப்ப வேண்டியதாகிறது. மேலே அச்சடித்த எண் சிப்பின் திறமையைச் சொல்வதை நிறுத்திவிட்டு வாங்குபவரின் வசதியைச் சொல்ல ஆரம்பிக்கும் இடம் இதுதான். ஓவர்கிளாக்கர்கள் நுழைந்ததும் இந்த இடைவெளியில்தான்.

இப்போது செலரானுக்கு வருவோம். 1998 ஏப்ரலில் வந்த முதல் செலரானில் எல்2 கேஷ் கிடையாது. கேஷ் என்பது ப்ராசஸர் அடிக்கடி கேட்கும் தகவல்களைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் வேகமான நினைவகம். அதை எடுத்துவிட்டதால் அந்தச் செலரான் நன்றாகத் திட்டு வாங்கியது. அதைச் சரிக்கட்டத்தான் 300ஏவில் 128 கிலோபைட் கேஷைச் சிப்புக்குள்ளேயே வைத்தார்கள். பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தது, ஆனால் அது தனிச் சிப்களில் இருந்ததால் ப்ராசஸரின் பாதி வேகத்தில்தான் ஓடியது. செலரானின் சின்னக் கேஷ் முழு வேகத்தில் ஓடியது. உள்ளே எண்ணிப் பார்த்தால் செலரான் சிப்பில் 1.9 கோடி டிரான்சிஸ்டர்கள், பென்டியம் 2 சிப்பில் 75 லட்சம் (வெளியே இருந்த கேஷ் சிப்கள் இதில் சேராது). இரண்டும் 0.25 மைக்ரான் முறையில் தயாரானவை. மலிவானது என்று பெயர் வாங்கிய சிப்தான் உள்ளே அதிகச் சரக்கு வைத்திருந்தது.

வேகத்தின் கணக்கு ரொம்ப எளிது. மதர்போர்டின் பஸ் வேகம் 66, மல்டிப்ளையர் 4.5, பெருக்கினால் 300. மல்டிப்ளையரை இன்டெல் பூட்டிவிட்டது. ஆனால் பஸ் வேகம் மதர்போர்டின் கையில். அந்த ஏப்ரலில் வெளிவந்த 440பிஎக்ஸ் சிப்செட், பஸ்ஸை 100இல் ஓட்டவே வடிவமைக்கப்பட்டது. 100ஐ 4.5ஆல் பெருக்கினால் 450. அவ்வளவுதான்.

இதில் ஒரு அழகு உண்டு, அதைக் கவனித்தவர்கள் குறைவு. பஸ் வேகத்தை ஏற்றினால் பிசிஐ ஸ்லாட்டின் வேகமும் சேர்ந்து ஏறும். பிசிஐ 33 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்பட்டது. பஸ்ஸை 83இல் வைத்தவர்களுக்கு, அதற்கேற்ற வகுத்தல் இல்லாத போர்டுகளில், பிசிஐ 41க்கு மேல் போனது. ஹார்டு டிஸ்க்கில் தகவல் கெட்டுப்போவது, சவுண்டு கார்டு மூச்சு நிற்பது எல்லாம் அதனால்தான். 100இல் வைத்தாலோ போர்டு மூன்றால் வகுக்கும், மறுபடி 33. ஆக, கொஞ்சமாக ஏற்றுவதைவிட நிறைய ஏற்றுவது பாதுகாப்பாக இருந்தது! செலரானைத் தவிர அந்த மெஷினில் எதுவுமே வரம்பு மீறி ஓடவில்லை. 300ஏ அத்தனை புகழ் பெற்றதற்கு இது முக்கியக் காரணம்.

அபிட் கம்பெனியின் பிஹெச்6 போர்டு வைத்திருந்தவர்கள் பயாஸ் மெனுவிலேயே எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டார்கள். 66 செலரான் என்று தானாகவே கண்டுபிடித்து அடம் பிடித்த போர்டுகளுக்கு வேறு வைத்தியம். செலரான் அட்டையின் விளிம்பில் இருக்கும் தொடுமுனைகளில் பி21 என்ற ஒன்றை மட்டும் துளி செல்லோ டேப்பாலோ நகப்பூச்சாலோ மறைத்துவிட்டால் போர்டு அதை 100 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர் என்று நம்பிவிடும். தேவைப்பட்டால் 2.0 வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்வார்கள். எல்லாச் சிப்பும் 450ஐத் தொடவில்லை என்பதும் உண்மை. அதனால் சில கடைகள் தாங்களே சோதித்துப் பார்த்து, "450 உறுதி" என்று சொல்லி, கூடுதல் விலைக்கு விற்றன. இன்டெல் விட்ட இடத்தில் கடைக்காரர் பின்னிங் செய்து அந்த லாபத்தை எடுத்துக்கொண்டார்.

இன்டெல் மல்டிப்ளையரை ஏன் பூட்டியது? வியாபாரக் காரணம் சொல்லாமலே புரியும். ஆனால் இன்னொரு காரணமும் பொய்யல்ல. 90களில் குறைந்த வேகச் சிப்பின் எழுத்தைச் சுரண்டிவிட்டு அதிக வேகத்தை அச்சடித்து விற்கும் கூட்டம் ஒன்று இருந்தது. வாங்கியவருக்குத் தான் ஓவர்கிளாக் செய்த சிப்பை ஓட்டுகிறோம் என்பதே தெரியாது. அடிக்கடி தொங்கினால் விண்டோஸைத்தான் திட்டுவார் (அதில் பாதி நியாயமும் இருக்கும் :)). தெரிந்தே ஏற்றிக்கொள்பவனுக்கும் தெரியாமல் ஏமாறுபவனுக்கும் ஒரே பூட்டைப் போட்டதுதான் கம்பெனியின் வசதி.

ஏஎம்டியின் பூட்டு இன்னும் வேடிக்கை. 2000 ஜூனில் வந்த தண்டர்பேர்டு ஆத்லானிலும் டியூரானிலும் சிப்பின் மேற்புறத்தில் பொடிப்பொடியாகத் தங்க நிறப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. எல்1 பாலங்கள் என்று பெயர். பாலம் சேர்ந்திருந்தால் மல்டிப்ளையரை விருப்பம்போல் மாற்றலாம், லேசரால் வெட்டப்பட்டிருந்தால் பூட்டு. பென்சிலில் இருப்பது கிராஃபைட், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். சாதாரண பென்சிலைச் சீவி, வெட்டிய பாலங்களின் மேல் குட்டிக் குட்டிக் கோடு போட்டால் பூட்டு திறந்துகொண்டது! பக்கத்துப் பாலத்தைத் தொடாமல் போட வேண்டும் என்பதுதான் ஒரே கஷ்டம். தப்பினால் ரப்பரால் அழித்துவிட்டு மறுபடி போடலாம்.

அந்த ரப்பர் விஷயம்தான் எனக்கு இடறுகிறது. வேகத்தை ஏற்றிச் சிப்பை எரித்தவர், கோட்டை அழித்துவிட்டு வாரன்டியில் புதுசு கேட்க முடியும். நான் காசு கொடுத்து வாங்கிய சிப்பில் கோடு போடுவது என் உரிமை என்றால் எரிந்தால் நஷ்டமும் என்னுடையதாக இருக்க வேண்டும். இந்த இடத்தில் மட்டும் நான் கம்பெனி கட்சி. எரிவதும் சும்மா பேச்சுக்கு அல்ல. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸரின் மேல் இருந்த ஹீட்சிங்கைக் கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஆத்லான் சில நொடிகளில் புகைந்தது.

2001 அக்டோபரில் ஆத்லான் எக்ஸ்பி வந்தபோது பென்சில் காலம் முடிந்தது. இந்தமுறை பாலங்களுக்கு நடுவே லேசரால் குழியே தோண்டிவிட்டார்கள். கிராஃபைட் குழிக்குள் இறங்கி வேலை செய்யவில்லை. விட்டார்களா? முதலில் குழியைச் சூப்பர் க்ளூவால் நிரப்பி, காய்ந்ததும் அதன் மேல் கார் பின்கண்ணாடியின் வெப்பக் கம்பிகளைச் சரிசெய்யப் பயன்படும் மின்கடத்தும் பெயிண்டைத் தடவினார்கள்.

எல்லாப் பூட்டுக்குப் பின்னாலும் புதையல் இருந்துவிடவில்லை. 2002இல் வந்த ரேடியான் 9500 கிராஃபிக்ஸ் கார்டிலும் விலை உயர்ந்த 9700இலும் ஒரே சிப். 9500இல் எட்டு பைப்லைன்களில் பாதியை அணைத்து விற்றார்கள். டிரைவரைத் திருத்தி அவற்றை எழுப்பினார்கள் சிலர். சிலருக்கு முழு 9700 கிடைத்தது. சிலருக்குத் திரை முழுக்கச் சதுரங்கப் பலகை போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அந்தப் பைப்லைன்கள் உண்மையிலேயே பழுது, அதனால்தான் அணைத்திருந்தார்கள். எது பழுது, எது வியாபாரம் என்று வெளியிலிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கம்பெனியும் சொல்லாது.

கிராஃபிக்ஸில் பிழை கண்ணுக்குத் தெரியும். ப்ராசஸரில் தெரியாது என்பதுதான் ஆபத்து. நாள் முழுக்க நன்றாக ஓடிக்கொண்டே, எங்கோ ஒரு கூட்டலைத் தப்பாகப் போட்டு, ஃபைலை மெதுவாகக் கெடுக்கும். அதனால்தான் பிரைம்95 இவர்களுக்கு வேதமானது. மெர்சென் பகா எண்களைத் தேடுவதற்காக 1996இல் தொடங்கிய திட்டத்தின் மென்பொருள் அது. மணிக்கணக்கில் கனமான கணக்குப் போட்டு, விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. ஒரு இரவு முழுக்க அதில் தாங்காத ஓவர்கிளாக்கை நம்பாதே என்பது அந்தக் காலத்து வழக்கம். இன்றைக்கும் நல்ல வழக்கம்தான், கூடவே மெமரிக்கு மெம்டெஸ்ட்86.

2009இல் ஏஎம்டியின் பினாம் 2 எக்ஸ்2 550 வந்தது. சுமார் 100 டாலருக்கு இரண்டு கோர். உள்ளே இருந்ததோ நான்கு கோர் சிப். சில போர்டுகளில் ஏசிசி என்ற வசதியை ஆன் செய்தால் தூங்கிக்கொண்டிருந்த இரண்டும் எழுந்துகொண்டன (எல்லாருக்கும் அல்ல, மேலே சொன்ன அதே கதைதான்).

இதற்குள் கம்பெனிகளும் பாடம் படித்துவிட்டன. பூட்டைத் திறக்க இத்தனை பேர் அலைகிறார்கள் என்றால், சாவியையே விற்கலாமே? 2010இல் இன்டெல் 50 டாலருக்கு ஒரு கார்டு விற்றது. பெரிய சிப் எதுவும் உள்ளே இல்லை, ஒரு குறியீட்டு எண் மட்டும். பென்டியம் ஜி6951 வைத்திருப்பவர் அதை டைப் செய்தால், சிப்பில் ஏற்கெனவே இருந்த 1 மெகாபைட் கேஷும் ஹைப்பர் த்ரெடிங்கும் விழித்துக்கொள்ளும். அப்போது எழுந்த எதிர்ப்பில் 486 எஸ்எக்ஸ் காலத்துக் கோபம் திரும்ப வந்தது போலிருந்தது. 2011லேயே அந்தத் திட்டத்தை மூடிவிட்டார்கள்.

ஆனால் அதே 2011 ஜனவரியில் செய்தது பலித்தது. சாண்டி பிரிட்ஜ் ப்ராசஸர்களில் பஸ், பிசிஐ, சாட்டா எல்லாவற்றுக்கும் ஒரே அடிப்படைக் கிளாக். 100லிருந்து கொஞ்சம் நகர்த்தினாலே ஏதாவது ஒன்று தகராறு செய்யும். செலரான் வித்தைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி. மல்டிப்ளையரை மாற்ற வேண்டுமா, பெயரில் "கே" போட்ட சிப்பை வாங்கு. ஐ5 2500 விலை 205 டாலர், 2500கே 216 டாலர். 1998இல் 520 டாலராக இருந்த வித்தியாசத்துக்குப் பதில் சுதந்திரத்துக்கு 11 டாலர் சீட்டு. கோபப்பட ஆளில்லை. பலரும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

2015 கடைசியில் ஸ்கைலேக் காலத்தில், சில மதர்போர்டு கம்பெனிகள் "கே" இல்லாத சிப்களையும் கிளாக் வழியாக ஏற்றும் பயாஸை வெளியிட்டன. இரண்டு மூன்று மாதம்தான். 2016 தொடக்கத்தில் இன்டெல் அந்தக் கதவை மூடியது, போர்டு கம்பெனிகள் வசதியை நீக்கிய புது பயாஸை வெளியிட்டன. பழைய பயாஸை அப்டேட் செய்யாமல் விட்டவர்கள் தொடர்ந்து ஓட்டினார்கள். 1985இல் ஐபிஎம் ஏடிக்காரர்கள் பழைய பயாஸை வைத்துக்கொண்டது போலவே.

இப்போது வரும் சிப்கள் சூட்டையும் மின்சாரத்தையும் தாங்களே அளந்துகொண்டு, முடிந்த உச்சத்துக்குத் தாங்களே ஏறிவிடுகின்றன. கம்பெனி விட்டுவைத்த மிச்சம் ரொம்பக் குறைவு. 2017இல் வந்த முதல் ரைசன் டெஸ்க்டாப் சிப்கள் எல்லாமே மல்டிப்ளையர் திறந்தபடி வந்தன. திறந்திருந்தும் மேலே போக அதிக இடமில்லை. இன்றைக்கு ஒரு புது சிப்பைக் கையில் வாங்கும் ஆர்வலர்களில் பலர் செய்வது அண்டர்வோல்டிங். வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அதே வேகத்தில் குறைந்த சூட்டில் ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். சோதிக்க அதே பிரைம்95தான்.